இன்னும் ஒரு கை சர்க்கரை

அத்தியாயம் 16

மாமனாரின் காலுறையைத் துவைக்க எடுத்தவள், அதன் நுனியில் காய்ந்திருந்த கறையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள் அல்லவா? போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

நம் மருமகள் நின்ற இடத்திலேயே நிற்கிற ரகம் இல்லை. மறுநாள் காலையில், டாக்டர் வருவதற்கு முன்பே மாமனாரோடு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்தாள். "சின்னக் கொப்புளம்மா. புதுச் செருப்பு கடிச்சது. இதுக்குப் போய் டாக்டரா?" என்று அவர் வழிநெடுகச் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள்.

கணவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவன் கேட்கும் நிலையிலும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அந்த போன் வந்த நாளிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் கிளைகள் எல்லாவற்றிலும் 'பச்சை அலமாரி' என்று ஒன்று வைக்கப் போகிறார்கள். உணவுப் பொருள்களுக்கு மார்க் போடும் ஒரு போன் ஆப்பில் பச்சை வட்டம் வாங்கியவற்றுக்கு மட்டும்தான் அதில் இடம். வீட்டுக் கார் ஷெட்டில் மருமகள் சுடுகிற ஓட்ஸ் பிஸ்கட்டுக்கும் ஓர் இடம் உண்டாம். கொள்முதல் அதிகாரி இன்று மதியம் மூன்று மணிக்கு நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடப் போகிறார்.

அந்த ஆப்பை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாமனார்தான். தெருவில் அவரைச் செக்கர் என்றால்தான் தெரியும். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கை அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அந்த ஆப் கிடைத்தது. பாக்கெட்டின் பின்னால் இருக்கும் கறுப்புக் கோடுகளைப் போன் காமிராவில் காட்டினால் போதும். நூற்றுக்கு இத்தனை மார்க் என்று சொல்லி, உடம்புக்கு நல்லது என்றால் பச்சை வட்டம், சுமார் என்றால் மஞ்சள், ஆகாது என்றால் சிவப்பு வட்டம் காட்டும்.

குரங்கு கையில் பூமாலை என்று சொல்ல மாட்டேன், பெரியவர். ஆனால் தன் கூடையை முடித்துவிட்டு அடுத்தவர் கூடைக்கும் போய்விடுவார். "சார், அந்த ஜூஸைக் கீழ வைங்க. பத்தொன்பது மார்க்தான். எப்படி சார் குழந்தைக்குக் கொடுப்பீங்க?" என்று முன்பின் தெரியாதவரை நிறுத்தி வைத்துக் கேட்பார். ரயில் பயணிகள் தப்பித்தார்கள், கடைக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் அவருடைய வலதுகால் கட்டைவிரலை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார்.

"போன தடவையைவிட சுகர் ஏறியிருக்கு. போன தடவையே அதுக்கு முந்தினதைவிட ஏறித்தான் இருந்தது. புண்ணு ஆறாததுக்கு அதுதான் காரணம். இப்படியே விட்டா இந்த விரலைக் காப்பாத்தறது கஷ்டம் ஐயா. பயமுறுத்தலை. நடக்கறதைச் சொல்றேன்."

செக்கருக்குக் கோபம் வந்தது.

"நான் ஸ்வீட் பக்கமே போறதில்லை டாக்டர். டீயில சர்க்கரை கிடையாது. எது வாங்கினாலும் செக் பண்ணாம உள்ள விடமாட்டேன். எங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்க, எல்லாமே பச்சை."

"நாள் பூரா வேற என்ன சாப்பிடறீங்க?"

"சாப்பாடு, டீ. அப்புறம் நம்ம பிஸ்கட்." சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் வெளியே வந்தது. மருமகள் செய்த பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. "என் மருமக கைப்பக்குவம். எண்பத்து நாலு மார்க்! பச்சைன்னா தயங்கவே வேணாம். காலைல டீயோட நாலு, ருசி பார்க்கறதுக்கு ரெண்டு, சாயங்காலம் சும்மா இருந்தா இன்னும் நாலு. நீங்க ஒண்ணு எடுத்துக்கோங்க."

சொன்னதோடு நிற்காமல் போனையும் காட்டினார். எண்பத்து நாலு. பச்சை.

டாக்டர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். "நல்லா இருக்கே!" என்றார். மென்றுகொண்டே பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படித்தார். மெல்லுகிற வாய் மெதுவாகியது.

"நூறு கிராமுக்குப் பதினோரு கிராம் சர்க்கரைன்னு போட்டிருக்கு." மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது பதினொண்ணு மாதிரி தெரியலையே?"

"லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணினதுதான் டாக்டர்."

அது பொய் இல்லை. அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனால் கொடுத்தது எந்தப் பிஸ்கட்டை? பிஸ்கட் வேலையைத் தொடங்கிய புதிதில் சுட்ட முதல் ஈடு. அதைச் சுட்டு இரண்டரை வருடம் ஆகிறது.

"நான் குத்தம் சொல்லலைம்மா. ஆப் பிஸ்கட்டைக் கடிச்சுப் பார்க்காது. பாக்கெட்ல நீங்க என்ன எழுதினீங்களோ அதைத்தான் படிக்கும். எதுக்கும் ஒருதடவை பாருங்க."

வீடு திரும்பும்வரை செக்கர் பொருமிக்கொண்டே வந்தார். "டாக்டருக்கு வயசாயிடுச்சும்மா. நாக்கு செத்துப்போச்சு. நம்ம பிஸ்கட்ல எங்க இனிப்பு தூக்கலா இருக்கு? சொல்லப்போனா நேத்து போட்டதுல கொஞ்சம் கம்மிதான்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

கார் ஷெட் என்றுதான் பெயர். கார் அதில் நின்ற காலம் மலையேறிவிட்டது. இப்போது ஒரு சுவர் ஓரம் ஓவன், நடுவில் ஸ்டீல் மேசை, மூலையில் மாவு மூட்டைகள், பாக்கெட் ஒட்டும் மெஷின், அதன் பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் செக்கரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது.

அந்த நாற்காலி வந்த கதையைப் புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் இறந்த பிறகு மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். எழுந்து பல் தேய்க்க வைப்பதற்குள் மகனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மருமகள் அப்போதுதான் பிஸ்கட் வேலையைத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் சூடாக ஒன்றைக் கொண்டுபோய், "எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும் மாமா" என்று கையில் வைத்தாள். அவர் படுத்தபடியே கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு கை சர்க்கரை போடும்மா."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய வார்த்தை அது. அவள் ஓட்டமாக ஓடிப்போய்ச் சர்க்கரை போட்டாள். ஒரு கை என்ன, மூட்டையையே கேட்டிருந்தாலும் கொட்டியிருப்பாள்.

அன்றிலிருந்து ஷெட்டில் அதுதான் சட்டம். முதல் தட்டு ஓவனிலிருந்து வந்ததும் செக்கர் ருசி பார்ப்பார். அவர் தலையாட்டாமல் ஒரு பாக்கெட்கூட ஒட்டப்படாது. காலையில் ஆறு மணிக்கு அவள் கதவைத் தட்டினால், முகம் கழுவி, தலைவாரி, வேலைக்குப் போகிறவரைப் போல வந்து நாற்காலியில் உட்காருவார். எப்போதாவது ஒருநாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "இன்னும் ஒரு கை" என்பார். அவளும் போடுவாள். அடுத்த ஈட்டுக்கு அதுவே அளவாகிவிடும். கொஞ்ச நாள் கழித்து, மறுபடியும் ஒரு கை.

எத்தனை கை? அவள் எண்ணியதே இல்லை. கூடவே விற்பனையும் ஏறியது. யார் எண்ணுவார்கள்?

இன்று தராசை மேசைமேல் எடுத்து வைத்தாள். வழக்கமாகச் சர்க்கரை அள்ளும் பாத்திரத்தில் வழக்கமான மட்டத்துக்கு நிரப்பினாள். எடை பார்த்தாள். மாவு, ஓட்ஸ், வெண்ணெய் எல்லாவற்றையும் எடை போட்டாள். போனில் கணக்குப் போட்டாள். நம்பாமல் இன்னொரு தடவை போட்டாள்.

லேபிளில் பதினொன்று. மேசையில் இருபத்தாறு.

பிஸ்கட்டில் இனிப்புக் குறைந்ததே இல்லை. மாமாவின் நாக்குக்குத்தான் இனிப்பு தெரியாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் கேட்கக் கேட்க அவள் போட்டாள். போடப் போட அவர் சாப்பிட்டார். பச்சை என்று நம்பிச் சாப்பிட்டார். கேட்டதையெல்லாம் கொடுத்த பாசம்தான் அந்த விரலைத் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அழுகை முட்டியது. மாவு மூட்டைமேல் சாய்ந்து நன்றாக அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவினாள். பாத்திரத்தில் இருந்த சர்க்கரையைத் திருப்பிக் கொட்டிவிட்டு, முதல் ஈட்டுக்குப் போட்ட பழைய அளவைத் தராசில் நிறுத்தாள். கலக்கத் தொடங்கினாள்.

*

"ஏய், அதிகாரியம்மா மூணு மணிக்கு வந்துடுவாங்க. நீ என்ன இப்பதான் மாவு பிசையறே?"

கணவன் வேனில் பாக்கெட் பெட்டிகளை அடுக்கிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். சாயங்காலம் கடைகளுக்குப் போகவேண்டிய சரக்கு அது. அவள் மாவுக் கையோடு எல்லாவற்றையும் சொன்னாள். விரல், டாக்டர், தராசு, இருபத்தாறு. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம வேணும்னு பண்ணலையே."

"இன்னைக்குக் காலைல வரைக்கும் வேணும்னு பண்ணலை. தெரிஞ்ச பிறகும் அதே லேபிளோட வித்தா அதுக்குப் பேர் வேறங்க."

"சரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. இன்னைக்குக் கையெழுத்து ஆகட்டும். அப்புறம் ஏத்தின மாதிரியே இறக்கிடலாம். ஒவ்வொரு கையா குறைச்சா யாருக்கும் தெரியவே தெரியாது. மூணு மாசத்துல லேபிளும் பிஸ்கட்டும் சரியாயிடும்."

அவன் கெட்டவன் இல்லை என்று நான் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவசரக்காரன், அவ்வளவுதான். யோசனையும் ஒன்றும் முட்டாள்தனமானது இல்லை. அவளுக்கே ஒரு கணம் கை நின்றது.

"மருந்துக் கடைக்குப் பக்கத்துக் கடையில ஒரு அம்மா நம்ம பாக்கெட்டை மொத்தமா வாங்கிட்டுப் போறாங்கன்னு சொன்னீங்களே, சுகர் இருக்கறவங்க. ஏன் வாங்கறாங்க?"

அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

"பச்சைன்னுதானே? மூணு மாசம் அவங்க சாப்பிடணுமா? அவங்களுக்குச் செருப்புக் கடிச்சா?"

"ஜனங்களுக்கு இந்த ருசிதான் பிடிச்சிருக்கு. உன் பழைய பிஸ்கட்டை நான் கடை கடையா தூக்கிட்டு அலைஞ்சேன், மறந்துட்டியா? ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை."

"மறக்கலை. மறுபடி அலைவோம்."

"அலைவோமா? அலையறவன் நான்!" குரல் உயர்ந்தது. பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்தது. "வியாபாரத்தை விடு. அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவே? உங்க நாக்கு போச்சு, இனிமே நீங்க வேணாம்னா? அந்த நாற்காலிக்காகத்தான் மனுஷன் காலைல எழுந்திருக்கிறார். அதைப் பிடுங்கிட்டா திரும்பச் சுவரைப் பார்த்துப் படுத்துடுவார். அப்ப நீ பார்த்தே இல்ல, எப்படி இருந்தார்னு?"

பார்த்தாள். அவளைவிட யார் பார்த்தார்கள்? காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா விரல் போய் உட்கார்ந்திருக்கறதுக்கு, என் மேல கோபமா உட்கார்ந்திருக்கட்டும்."

"உன் பிடிவாதம் இந்தக் குடும்பத்தை எங்க கொண்டுபோய் விடுதுன்னு பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டு அவன் சட்டை மாற்றப் போனான். அவள் தட்டுகளை ஓவனுக்குள் தள்ளினாள்.

*

கொள்முதல் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, தோளில் பை, அதிகம் சிரிக்காத முகம். செக்கர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். கட்டுப் போட்ட காலை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்.

"உட்காருங்கம்மா. நான் ருசி பார்க்காம இங்கேர்ந்து ஒரு பாக்கெட் வெளியில போகாது. உங்க முன்னாலயே பார்க்கறேன்."

மருமகள் தட்டை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி மென்றார். புருவம் சுருங்கியது.

"என்னம்மா இது? வைக்கோல் மாதிரி இருக்கு. சர்க்கரை போட மறந்துட்டியா? இன்னும் ஒரு கை போடணும். ஒண்ணு இல்ல, மூணு கை."

"போட மாட்டேன் மாமா."

இரண்டரை வருடத்தில் அவள் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. கணவன் தரையைப் பார்த்தான்.

அதிகாரி ஒன்றும் புரியாமல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "இனிப்பாத்தானே இருக்கு?" என்றார் இயல்பாக. "அளவா இருக்கு. எனக்கு இதான் பிடிக்கும்."

செக்கர் அவரைப் பார்த்தார். தன் கையில் இருந்த பாதிப் பிஸ்கட்டைப் பார்த்தார். மறுபடி ஒரு துண்டு கடித்து, ரொம்ப நேரம் மென்றார்.

முப்பது வருடம் எத்தனையோ முகங்களைப் பார்த்து, யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்தவர் அவர். மருமகளின் முகத்தைப் படிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை.

"அந்த டாக்டர் சொன்னது நெஜமா?"

"ஆமா மாமா."

"இதுவரைக்கும் எத்தனை கை போட்டே?"

"எண்ணலை மாமா. நீங்க கேட்டப்பல்லாம் போட்டேன். லேபிள்ல பதினொண்ணு. இன்னைக்குக் காலைல நிறுத்துப் பார்த்தேன், இருபத்தாறு." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க இப்ப சாப்பிட்டது பழைய அளவுல செஞ்சது. லேபிளுக்குச் சரியா இருக்கறது இதுதான். கடைகள்ல இருக்கறது இது இல்லை. அந்த ஆப்ல இருக்கற பச்சை எங்களுக்குச் சேர வேண்டியது இல்லை. நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு நினைச்சேன்."

அதிகாரி கையிலிருந்த மீதிப் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார் அதிகாரி. குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "எங்க ஆளுங்க பாக்கெட்டைத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க. கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

"மாமா கால் விரல்ல புண்ணு இருக்கு மேடம். எங்க பச்சையை நம்பிச் சாப்பிட்டார்."

செக்கர் நாற்காலிக்கு அடியில் இருந்த காலை மெல்ல முன்னால் எடுத்து வைத்தார். அவ்வளவு நேரம் மறைத்ததை இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். பிறகு போனை எடுத்தார். சட்டைப் பையில் இருந்த பழைய பாக்கெட்டைத் திருப்பிக் கோடுகளைக் காட்டினார். எண்பத்து நாலு என்று பச்சை வட்டம் மலர்ந்தது.

"இதுல கீழ ஒரு பட்டன் இருக்கும்மா, 'தகவல் தவறு'ன்னு," என்றார் அதிகாரியிடம். "ஊர்ல இருக்கற கம்பெனி எல்லாத்தையும் இதை அமுக்கிப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன்."

"அப்பா, வேணாம். யோசிச்சுப் பண்ணலாம்," என்றான் மகன்.

"டிக்கெட் இல்லாதவன் சொந்தக்காரனா இருந்தா மட்டும் உட்கார வைக்கறதாடா?" பட்டனை அமுக்கினார். அது ஒரு கட்டத்தைக் காட்டி, சரியான அளவைக் கேட்டது. "எவ்வளவும்மா சொன்னே?"

"இருபத்தாறு மாமா."

இருபத்தாறு என்று போட்டார். பச்சை வட்டம் மறைந்து, சாம்பல் நிறத்தில் 'சரிபார்க்கப்படுகிறது' என்று வந்தது.

அதிகாரி எழுந்தார். பையிலிருந்து எடுத்து வைத்திருந்த காகிதங்களைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"பச்சை இல்லாம பச்சை அலமாரிக்கு எடுக்க முடியாதும்மா. நான் ஆபீஸ்ல இதைச் சொல்லித்தான் ஆகணும், அதுக்கு என்ன சொல்லுவாங்களோ தெரியாது." வாசலில் நின்று திரும்பினார். "புதுசா செஞ்சதை மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. மாசம் முடியறதுக்குள்ள பச்சை வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. வரலேன்னா அந்த இடத்தை வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

போகும்போது தட்டிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார். அதை மருமகள் மட்டும்தான் கவனித்தாள்.

கணவன் யாரையும் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். "எங்க போறீங்க? அந்தப் பெட்டிகளை இறக்கிட்டுப் போங்க!" என்று அவள் ஓடி வருவதற்குள் வேன் தெருமுனை தாண்டிவிட்டது. இருபத்தாறு கிராம் பிஸ்கட் அத்தனையும் அதில்தான் இருந்தது. கடைகளில் போட்டுவிடுவானா? மாட்டான் என்று மனசு சொன்னது. போட்டாலும் போடுவான் என்று அதே மனசு சொன்னது. போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான்.

அவள் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

செக்கர் தன் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையில் பிஸ்கட் தூள் சிந்தியிருந்தது.

"உன் மேல கோபம் இல்லைம்மா," என்றார். "நீ பண்ணினது சரிதான். ஆனா நாளையிலேர்ந்து என்னைக் காலைல எழுப்பாதே. எழுந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

கதவு சாத்திக்கொண்டது. கட்டில் சத்தம் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம் அவளுக்கு மனப்பாடம்.

கணவன் மதியம் பயந்தது பொழுது சாய்வதற்குள் நடந்துவிட்டது. ஒரே நாளில் ஒப்பந்தம் போயிற்று, வேன் போயிற்று, கிழவரும் போய்ப் படுத்தாயிற்று. வேறொருத்தியாக இருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பாள். இவளுக்கும் ஆசைதான். நேரம்தான் இல்லை.

ஷெட்டுக்குப் போய்த் தராசைத் தூக்கி வந்தாள். அறைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்தாள். மறுபடி போய்ச் சர்க்கரை டப்பா, மாவு, ஓட்ஸ், பாத்திரங்கள் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா."

பதில் இல்லை.

"நாளைக்கு லேபுக்குக் கொடுக்க சின்னதா ஒரு ஈடு போடப்போறேன். உங்க நாக்கு எனக்கு வேணாம். நீங்க வேணும். ஆறு மணிக்கு எழுப்புவேன்."

பதில் இல்லை.

"எழுந்திருக்கலேன்னா ஏழு மணிக்கு எழுப்புவேன். அப்புறம் எட்டு மணிக்கு."

உள்ளே இருமல்கூட இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாத்திரத்தைத் தராசில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கணக்குப் போடத் தொடங்கினாள்.

"ஆறு கிலோவுக்கு அறுநூத்தி அறுபது கிராம் சர்க்கரை. லேபுக்கு ரெண்டு கிலோ போதும். அப்போ ரெண்டு கிலோவுக்கு எவ்வளவு? இருநூத்தி நாற்பது."

சர்க்கரையை அள்ளினாள். தராசில் கொட்டினாள்.

"இருநூத்தி நாற்பது," என்றாள் இன்னும் சத்தமாக. "போட்டுடறேன். சரியாத்தான் இருக்கும். யார் பார்க்கப்போறாங்க?"

கதவுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எரிச்சலோடு ஒரு குரல் வந்தது.

"இருநூத்தி இருபதும்மா! இதுகூடத் தெரியாமத்தான் லேபிள் அடிக்கப்போறியா?"